ஓலையில் சோறு எங்கே?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பெயரைக் கேட்காதீர்கள், பட்டங்களோடு சொல்லி முடிப்பதற்குள் கதை ஆறிப்போகும். மனிதர் நல்லவர்தான், ஆனால் மகா மறதிக்காரர். போன போர் யாரோடு என்பது மறந்துவிடும். போன விருந்தில் என்ன கூட்டு என்பது மட்டும் மறக்காது.

ஒருநாள் ராணி, ஆறு மாதம் பழகிய பாட்டைச் சபையில் பாடினாள். ராஜா குறட்டை விட்டார். ராணி அன்றே பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ராஜா பத்து ஓலை அனுப்பினார். ஒவ்வொன்றிலும் பாதி பட்டங்கள், மீதி போர் வெற்றிகள். பத்தும் திரும்பி வந்தன.

தலைமை எழுத்தர் பராங்குசர் ஓலை எழுதுவதற்கு நாற்பது விதிகளை ஒப்பித்தார். ராஜாவுக்கு நான்குகூட நிற்கவில்லை.

"மண்டையில் ஏறவில்லையே! அவள் இல்லாமல் அரண்மனையே வெறிச்சென்று கிடக்கிறது" என்று புலம்பினார்.

சபையின் விகடகவி ஆவுடை எழுந்தான். "ஏறாவிட்டால் என்ன, மகாராஜா? வயிற்றில் இறக்கிவிடுகிறேன்."

பராங்குசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியா? நாளை சபையில் மகாராஜா தம் கையாலேயே எழுதட்டும். ஒரு விதி தவறினாலும் இவன் நாட்டைவிட்டே போக வேண்டும்!"

ராஜா சரியென்று தலையாட்டிவிட்டார்.

அன்று மதியம் ஆவுடையே ராஜாவுக்கு இலை போட்டுப் பரிமாறினான். "முதலில் துளி இனிப்பு, அதுதான் நலம் விசாரிப்பு. ஓரத்தில் சிட்டிகை உப்பு, அது தற்பெருமை. பட்டங்கள் அப்பளம் மாதிரி. சத்தம்தான் பெரிசு, ஒன்று போதும். நடுவில் சோறு, சொல்ல வந்த விஷயம். கடைசியில் மோர், குளிர்ச்சியாக ஒரு வார்த்தை."

"அவ்வளவுதானா?"

"சாப்பிட்ட இலையை எந்தப் பக்கம் மடிப்பீர்கள்?"

"என் பக்கம். அப்போதுதானே உறவு நிலைக்கும்?"

"தப்பையும் அப்படியே உங்கள் பக்கம் மடித்துக்கொள்ளுங்கள், மகாராஜா."

ராஜா இலையைத் தம் பக்கம் மடித்து வைத்தார்.

மறுநாள் ராஜாவிடம் குறிப்பு ஏதும் இல்லை என்று பராங்குசர் நன்றாகப் பார்த்துக்கொண்டார். ராஜா எழுத்தாணியை எடுத்தார். இடது கை மட்டும் வெறும் தரையில் இனிப்பையும் உப்பையும் தேடியது. சபை வாயைப் பொத்திக்கொண்டது. மோர் வரைக்கும் வந்த ராஜா சட்டென்று நின்றார். பராங்குசர் புன்னகைத்தார். ராஜாவின் கை மெல்ல இல்லாத இலையைத் தன் பக்கம் மடித்தது. எழுத்தாணி மறுபடி ஓடியது.

'சௌக்கியமா? யானைப்படை நலம். இப்படிக்கு ராஜா என்று போட்டால் போதும்தானே? நீ வந்துவிடு. உன் குரல் கேட்காமல் எனக்குத் தூக்கமே வரவில்லை. குறட்டை விட்டது என் தப்பு.'

பராங்குசர் துருவித் தேடியும் தவறிய விதி ஒன்றுகூட அகப்படவில்லை. மூன்றாம் நாள் ராணி வந்து இறங்கினாள். "அடுத்த பாட்டுக்கும் தூங்கினால்?"

"மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டுக்கு உட்கார மாட்டேன்!"

ராணியே சிரித்துவிட்டாள். ராஜா ஆவுடையின் கையில் பொற்காப்பைப் பூட்டி, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"பரிமாறியவனுக்கு இன்னும் யாரும் இலை போடவில்லை, மகாராஜா."

ராஜா அவனைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்தார். பரிமாறும் வேலை பராங்குசருக்கு. அவர் கரண்டியும் கையுமாக நின்று, "விகட சிரோன்மணியே, சபையின் தீபமே, நகைச்சுவைக் கடலே..." என்று ஆரம்பித்தார்.

ராஜா வெறும் இலையை எட்டிப் பார்த்தார்.

"ஓய் பராங்குசரே, சோறு எங்கே?" என்று கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.