இடக்கன்னத்து மச்சம்

ஒளியாகவும் இருளாகவும் நின்று உலகைக் காக்கும் எம்பெருமானின் திருவடிகளை முதலில் வணங்கி, இதனைச் சொல்கிறேன். அன்புடையீர், கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், ஆக்ராவை ஆண்ட மொகலாயப் பாதுஷா ஒருவரின் சித்திரச்சாலையில், ஓர் ஓவியத்தை மூவர் சேர்ந்து முடிப்பது வழக்கம். பூரண்மல் கோடு வரைவார். லத்தீபு வண்ணம் பூசுவார். இளையவனான மோதிசந்த் முகம் எழுதுவான். அவர்கள் படங்களில் நிழல் விழாது. அரசன் முகமும் அடிமை முகமும் ஒரே வெளிச்சத்தில் தெளிந்து நிற்கும்.

ஒருநாள் பரங்கிப் பாதிரிமார் ஒரு படத்தைக் காணிக்கையாக வைத்தனர். அதில் ஒரு தாயின் முகம், பாதி ஒளியிலும் பாதி இருளிலுமாக, தாளைவிட்டு எழுந்து வருவதுபோல் இருந்தது. பாதுஷா வியந்தார். மோதிசந்தோ உணவை மறந்து அந்த நிழலை எழுதிப் பழகினான்.

அவ்வாண்டே பாதுஷாவின் ஏழு வயது மகள் மெஹர்பானு நோயில் வீழ்ந்தாள். வைத்தியர்கள் கைவிரித்தனர்.

"அவள் முகமாவது என்னிடம் இருக்கட்டும்" என்று பாதுஷா கலங்கி, அவளைப் படமாக எழுத மூவரையும் பணித்தார்.

எதிரே தலையணையில் சாய்ந்து அமர்ந்திருந்த குழந்தையின் அருகே, மோதிசந்த் பரங்கிப் படத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டான். பூரண்மல் வரைந்த முகக்கோட்டை வெள்ளை பூசி மறைத்து, குழந்தையின் இடக்கன்னம் முழுவதையும் இருளாக்கினான்.

"தம்பி, கன்னத்து மச்சத்தைக் காணோமே?" என்றார் பூரண்மல்.

"அண்ணா, கோட்டோடு உம் வேலை முடிந்தது."

"அடுப்புக்கரியில் விழுந்த பிள்ளையா இது?" என்று நகைத்தார் லத்தீபு.

"பச்சையும் மஞ்சளும் குழைப்பவருக்கு இது விளங்காது, மியான்."

மூன்றாவதாகக் குழந்தையே கேட்டாள்: "என் மச்சம் எங்கே, சித்திரக்காரரே? அப்பா அங்கேதான் முத்தமிடுவார்."

"நிழலில் உறங்குகிறது, ஷாஜாதி."

அவள் சிரித்து, அதைத் தந்தையிடமும் சொன்னாள். ஒன்பதாம் நாள் இறந்தாள்.

பாதுஷா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மோதிசந்தை அழைத்தார்.

"என் மகளை எழுப்ப எவராலும் ஆகாது. நீ உறங்கவைத்த மச்சத்தையாவது எழுப்பு. அதன் இடத்தை நான் அறிவேன். நீ கண்டாயா என்றே கேட்கிறேன்."

மோதிசந்த் அணில்மயிர்த் தூரிகையை எடுத்தான். கண்ணருகிலா? இதழருகிலா? காதருகிலா? அவன் கண்டதெல்லாம் பரங்கிப் படமே. எதிரே அமர்ந்திருந்த குழந்தையை அவன் ஒருமுறையும் முழுதாகப் பார்த்ததில்லை.

தூரிகையில் மை உலர்ந்தது.

பாதுஷா தண்டிக்கவில்லை. படத்தைப் பட்டில் சுற்றி எடுத்துப் போனார். பின்பு ஒருநாளும் அதைத் திறக்கவில்லை.

பிறர் கலையைக் கற்பது பிழையன்று, கற்றதைக் காட்டும் ஆசையில் காக்கச் சொன்னதைக் காணாது விடுவதே பிழை.

இதனைக் கேட்ட உங்கள் கண்களைவிட்டு அன்புக்குரியோர் முகம் என்றும் மறையாதிருக்க இறைவன் அருள்வானாக.