இரண்டு விரற்கடை எண்ணெய்

முன்னொரு காலத்தில், மார்கழி வந்தால் பல் கிட்டிப்போகிற மலைநாடு ஒன்றைக் கொற்றவேள் என்ற ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதுதான் அவனுக்கு வேதம். இவனுக்கு மந்திரியாக இருந்த குழைக்காதருக்குத் தலைமுடி கொட்டியதில் என்ன ஆச்சரியம்?

ராசாவின் குளியலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சுகிறவள் ஆராயி. காய்ச்சி, ஆறவைத்து, அப்புறம்தான் குடத்தில் ஊற்றுவாள். அந்த வருஷம் மேற்பார்வைக்கு வந்தார் வல்லபராயர். ஆராயி மந்திரி சேர்த்துவிட்ட ஆள் என்பதே அவருக்கு வயிற்றெரிச்சல். "ஆறவைக்கிற சாக்கில் திருடுவாய்! கொதிக்கக் கொதிக்க ஊற்று" என்று அதட்டி, கழுத்து ஒடுங்கிய செப்புக்குடத்தில் விளிம்புவரை ஊற்றவைத்து, அரக்கு முத்திரையையும் தானே வைத்தார்.

காலையில் சபையில் வைத்துத் திறந்தால், எண்ணெய் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

"திருட்டு! அவள் கையை வெட்டவேண்டும்" என்று குதித்தார் வல்லபராயர்.

"வெட்டிவிடலாம்" என்றான் ராசா.

குழைக்காதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முத்திரை அப்படியே இருக்கிறதே ஐயா! எப்படி எடுத்திருப்பாள்?"

"அதனால்தான் கைதேர்ந்த திருடி என்கிறேன்!"

"ஆமாம், ஆமாம்" என்றான் ராசா.

"இந்தக் கையை நம்பித்தானே சாமி என் பிள்ளைங்க கஞ்சி குடிக்குது" என்று ஆராயி கதறினாள்.

குழைக்காதர் பல்லைக் கடித்துக்கொண்டு சபையைப் பார்த்தார். குளிர் தாங்காமல் அத்தனை பேரும் போர்வைக்குள் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு ஒரே மூலையில் குந்தியிருந்தார்கள்.

"வல்லபராயரே, ஜமுக்காளம் நிறைய உட்காருகிற சபை இது. இன்று பாதி காலி. மீதி ஆட்களை யார் திருடினார்?"

"என்ன உளறல் இது! எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். குளிருக்கு நெருங்கி உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான்!"

மந்திரி பெரிய கணப்புச்சட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். சூடு ஏற ஏறப் போர்வைகள் கழன்றன. சும்மா இருக்க முடியாமல் நெளிந்தார்கள், முழங்கையால் இடித்தார்கள், "தள்ளி உட்காரும் ஓய்!" என்று விலகி விலகி ஜமுக்காளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டார்கள்.

"மகாராசா, எண்ணெயும் இப்படித்தான். கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடித் துணுக்குகளின் கூட்டம் அது. சூட்டில் துள்ளும், முட்டும், விலகி நிற்கும். குளிரில் அடங்கி நெருங்கிக்கொள்ளும். கொதிக்கக் கொதிக்க ஊற்றியது ராத்திரிக் குளிரில் இறங்கியிருக்கிறது, ஒரு துணுக்குகூடக் குறையவில்லை."

"ஆளுக்குக் குளிரும், எண்ணெய்க்குமா குளிரும்?" என்று இளித்தார் வல்லபராயர்.

"அட கடவுளே!" என்று மந்திரி அந்தக் குடத்தைத் தூக்கி நெருப்பின்மேல் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய எண்ணெய் விளிம்பைத் தொட்டது. ஆராயிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ராசா கைதட்டினான். "பலே! இன்னும் சூடாக்கும், இன்னொரு குடம் தேற்றிவிடலாம்!"

குழைக்காதர் தலையில் அடித்துக்கொண்டார். "மகாராசா! இவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்ததால் புதிதாக ஒரு ஆள் முளைத்தானா?"

ராசா சபையை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். மந்திரிக்கு முத்துமாலை போட்டான். பிறகு வல்லபராயர் பக்கம் திரும்பினான்.

"ஓய், எண்ணெய் ஆறட்டும். வெட்டச் சொன்னீரே, அந்தக் கையாலேயே இவள் குடம் முழுவதும் உம் தலையில் தேய்ப்பாள். இங்கேயே, எல்லோர் முன்னாலும்."

எண்ணெய் ஆறியதும் ஆராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையில் அதை ஏந்தினாள். "தலையைக் குனிங்க சாமி" என்றாள்.