விளிம்பில் இல்லாதவை

“எல்லாம் காணாமப் போச்சு, மேடம்,” என்றார் அருமைநாயகம்.

காணாமல் போனவை ஏற்பிகள். வலிச் சேதி கொண்டுவரும் பெப்டைடு என்னும் புரதத் துணுக்கை வாங்கிக்கொள்பவை. தண்டுவடத்தின் முதுகுப் பக்கத்தில், மேலடுக்கு நரம்பணுக்களின் விளிம்பில் அவற்றுக்கு இருப்பிடம்.

ஏற்றல் என்றால் வாங்குதல், எதிர்கொள்ளுதல், கையேந்தி இரத்தலும்தான். பெயர் வைத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புவோம்.

அருமைநாயகம் மயக்க மருந்து டாக்டர். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு, ஜுலைகாவின் ஆய்வகத்தில் மாணவராகச் சேர்ந்தவர். குருவுக்கு அவரைவிட வயது குறைவு. அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

காரணம், ஊரில் இருக்கும் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ். விலாவில் அக்கி வந்தது, ஆறியது, வலி மட்டும் தங்கிவிட்டது. சேலை உரசினாலே எரிகிறது என்பாள். அந்த வலி தண்டுவடத்தில் வந்திறங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே அதை மறித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கண்டுபிடித்த கையோடு ஊருக்குப் போகலாம் என்று, போகாமலே இருந்தார்.

“வீட்ல எப்படி இருக்காங்க?” என்று கேட்டார் ஜுலைகா.

“இப்பத் தேவலை மேடம். போன்ல வலின்னு சொல்றதே இல்ல.”

சொல்லிவிட்டு ஸ்லைடுக்குத் திரும்பினார். அவருக்கு அதுதான் அவசரம்.

இரண்டு ஸ்லைடுகள். முதலாவது, யாரும் தொந்தரவு செய்யாத எலியுடையது. அணுவின் விளிம்பெங்கும் சாயமேற்றிய ஏற்பிகளின் பச்சை ஒளி, மதில்மேல் வரிசையாக விளக்கு வைத்ததுபோல. இரண்டாவது, மயக்கத்தில் கால் கிள்ளப்பட்ட எலியுடையது. மதில் இருட்டாகக் கிடந்தது.

“கிள்ளின எலியிலதானே நல்லாத் தெரியணும்? இதுக்கு வலியே இல்லாத மாதிரி இருக்கு. சாயம் சரியாப் பிடிக்கல. தூக்கிப் போட்டுரவா?”

“உங்க ஊர்ல விருந்தாளி வந்தா வாசல்லயே நிக்கவெச்சுப் பேசுவீங்களோ?”

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்றது. பாளையங்கோட்டைக்காரர்கள் அவ்வளவு கெட்டுப்போகவில்லை என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவது, உட்காரவைப்பது, காப்பி, அதன்பிறகுதான் பேச்சு என்று முறைப்படி விளக்கவும் செய்தார்.

ஜுலைகா முழுதும் கேட்டுக்கொண்டார்.

“அப்ப வாசல்ல யாரு இருப்பா?”



ஜுலைகா நுண்ணோக்கியின் திருகை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு நகர்ந்துகொண்டார்.

அருமைநாயகம் குனிந்து பார்த்தார். விளிம்பு மங்கியது. அணுவின் வயிறு தெளிந்து மேலே வந்தது. அதற்குள்ளே பச்சை மணிகள், குவியல் குவியலாக. ஒன்றும் தொலைந்திருக்கவில்லை.

“கிள்ளின உடனே, வந்ததையும் தூக்கிக்கிட்டு உள்ள போயிரும்,” என்றார் ஜுலைகா. “விளிம்பை மட்டும் பாக்கிறவங்களுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.”

“திரும்பி வருமா, மேடம்?”

“வரும். சும்மா விட்டா.”

அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேசைக்கு அடியிலிருந்த பையை எடுத்தார்.

“ஸ்லைடைத் தூக்கிப் போட்டுரலாமா, டாக்டர்?” என்று கேட்டார் ஜுலைகா.

அருமைநாயகம் அதற்குள் கதவருகே போயிருந்தார்.

“திருநெல்வேலிக்கு இப்ப என்ன ரயில் இருக்கு, மேடம்?”