மூத்தவருக்கு முதல் தாம்பூலம்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது விடிந்தால் ஒரு புது ஆசை வந்துகொண்டிருந்த நாளில், ஒரு ராஜா அறிவித்தார்: "நாளை நம் சபையில் யார் மூத்தவரோ, அவருக்கே முதல் தாம்பூலம். அவர் கேட்பதைக் கொடுப்போம். வேறு யார் எதைக் கேட்டாலும் கிடையாது."

அமைச்சர் வயிரமேகருக்கு வாயெல்லாம் பல். இருந்தது என்னவோ நாலு பல்தான். அவரைவிட மூத்தவர் சபையில் இல்லை. ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலி செய்துவிட்டுத் தமக்கொரு நந்தவனம் கேட்கப்போவதாக, விகடகவி மாடக்கண்ணுவின் காதில் விழும்படியே சொன்னார். மாடக்கண்ணுவின் அக்கா வீடு அங்கேதான் இருந்தது. ராஜா அவனோடு சிரித்துப் பேசினால் இந்த மனுஷருக்குப் பொறுக்காது.

மாடக்கண்ணு நேரே அக்காவிடம் ஓடினான். அவள் படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் துவைக்கிற கல்லையே பார்த்தபடி நின்றான். ஈரம் பட்ட இடத்தில் வளையம் வளையமாகத் தெரிந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் அந்தக் கல், பட்டுப் போர்த்திக்கொண்டு பல்லக்கில் சபைக்கு வந்தது. இவர்தான் மூத்தவர் என்றான் மாடக்கண்ணு.

கல்லுக்கு ஏது வயது என்று வயிரமேகர் குதித்தார். மாடக்கண்ணு ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். மரத்தின் வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஓரத்தில் பட்டைகூட இருந்தது. ராஜா இறங்கிவந்து தடவிப் பார்த்து, மரம் எப்படிக் கல்லாகும் என்று கேட்டார்.

"மனிதர் பிறப்பதற்கு முன்பே ஒரு பெருவெள்ளம் இவரைச் சாய்த்து மணலில் புதைத்தது, மகாராஜா. காற்றுப் படாததால் மக்கவில்லை. மண்ணில் ஊறிய தண்ணீர் கல்லின் சத்தைக் கரைத்துக் கொண்டுவந்தது. மரம் கரையக் கரைய, அந்தந்த இடத்தில் அந்தச் சத்து உறைந்தது. அவசரமே இல்லாமல், ஒரு ரேகை கலையாமல் இவர் கல்லாக யுகங்கள் ஆயின."

உயிரில்லாததற்கு மரியாதையா என்றார் அமைச்சர்.

"மூத்தவர் என்றுதான் மகாராஜா சொன்னார், ஐயா. மூச்சு விடுபவர் என்று சொல்லவில்லையே."

ராஜா சுண்ணாம்பு தடவிய தாம்பூலத்தைக் கல்லின்மேல் வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். சபை காத்திருந்தது. கல் பேசுமா?

"இவர் ஒன்றும் கேட்கவில்லை, மகாராஜா. வேறு யாருக்கும் கிடையாது என்பது தங்கள் வாக்கு. ஆகவே, அமைச்சர் கேட்கவிருந்த நந்தவனமும் கிடையாது; ஆற்றங்கரையில் என் அக்கா வீடு இருந்த இடத்திலேயே இருக்கும்."

விஷயம் இப்போதுதான் ராஜாவுக்குப் புரிந்தது. அமைச்சரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி மாடக்கண்ணுவுக்குப் போட்டு, ஆற்றங்கரையை அங்கே குடியிருப்பவர்களுக்கே எழுதிக் கொடுத்தார்.

மாலையில் கல் படித்துறைக்குத் திரும்பியது. "என் கல்லுல சுண்ணாம்பப் பூசினது யாருடா?" என்றாள் அக்கா. மகாராஜாதான் என்றான் தம்பி.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாராக்கும்" என்றபடி, ஈரச் சேலையை மூத்தவர் முதுகில் ஓங்கி அடித்தாள்.