வாசலில் உட்கார்ந்த கொறடா

ரொம்ப காலத்துக்கு முன்னால் செவ்வந்தி நாட்டை வல்லபராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ராஜா என்றால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! அவருடைய தாத்தா போட்டுவிட்டுப் போன சட்டம் அப்படி. எந்தத் தீர்மானமும் சபையில் கை தூக்கித்தான் ஜெயிக்க வேண்டும். எழுந்து பேசுகிறவர் தானாக உட்காரும்வரை ராஜாவே ஆனாலும் நிறுத்தக் கூடாது. ராஜா பக்கம் இருபத்தொரு பேர், எதிர்வரிசையில் இருபது பேர். ரெண்டு பேருக்கு வயிற்றுவலி வந்தால் தீர்ந்தது கதை!

அந்த இருபத்தொரு பேரையும் நேரத்துக்குக் கூட்டிவந்து உட்காரவைப்பது கொறடா மாசிலாமணியின் வேலை. எந்த விஷயம் முதலில், எது பிறகு என்று வரிசை எழுதுவதும் அவர்தான். மற்ற நேரமெல்லாம் வாசலோரம் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். சபையில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவர் தளவாய் ரணசிங்கம். அந்தப் பதவியைத் தன் மச்சானுக்கு வாங்கித் தந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"அரசே! வாய் திறக்காத ஆளுக்கு எதற்குப் பதவி? ஏரி மடையைக் கட்டும் தீர்மானத்தை நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள். இவர் சாமர்த்தியம் தெரிந்துவிடும்" என்றார்.

நம்ம ராஜாவுக்குத்தான் எதுவும் திடீரென்று தோன்றுமே! "ஆமாம், நாளைக்கே! மழைக்கு முன்னால் மடை கட்டியாக வேண்டும். தீர்மானம் தோற்றால், மாசிலாமணி, நீர் என் யானைக்குத் தழை வெட்டப் போகலாம்!"

மாசிலாமணிக்கு வெற்றிலைச் சாறு புரையேறிவிட்டது. ஏன் தெரியுமா? பெரியநாயகம் என்ற உறுப்பினரின் மகளுக்கு நாளைக்குப் பக்கத்து ஊரில் வளைகாப்பு. அவருடைய சம்பந்தி தில்லைக்கண்ணுவும் உறுப்பினர்தான். ரெண்டு பேரும் கிளம்பியாயிற்று. மிச்சம் பத்தொன்பது பேர். இது தெரிந்துதானே தளவாய் முடிச்சுப் போட்டார்!

"குதிரைவீரனை அனுப்பி இழுத்து வரச் சொல்லட்டுமா?" என்றார் விஷயத்தைக் கேட்ட ராஜா.

"ஐயோ, வேண்டாம் அரசே! தலைச்சன் பேரப்பிள்ளை. வளையல் தட்டை விட்டு இழுத்துவந்தால் அந்தக் கோபத்தில் கையை எதிர்வரிசைக்குத் தூக்கிவிடுவார். போய்வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். சாப்பிட்டதும் வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். வருவார்."

மறுநாள் காலை சபை கூடியது. எதிர்வரிசை இருபது பேரும் குதூகலமாக உட்கார்ந்திருந்தார்கள். தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். மாசிலாமணி எழுதிய வரிசையைச் சபையின் எழுத்தரான ஓலைநாயகம் வாசித்தார்.

"முதல் விஷயம், நம் தளவாயின் வீரத்துக்குச் சபை நன்றி சொல்வது. ரெண்டாவது, ஏரி மடை."

நன்றி சொல்ல யார் மறுப்பார்கள்? எல்லாரும் கை தூக்கினார்கள். மாசிலாமணி தளவாயின் பக்கத்தில் போய்ப் பணிவாகக் குனிந்தார்.

"ஐயா, ஏற்புரையாக ரெண்டு வார்த்தை பேசவேண்டும். அந்தக் குன்றக்கோட்டைச் சண்டையை மட்டுமாவது."

"மட்டுமாவதா? முழுதும் சொன்னால்தானே புரியும்!" என்று தொண்டையைச் செருமினார் தளவாய்.

ஆரம்பித்தார் பாருங்கள்! குன்றக்கோட்டைக்குப் போகும் முன் குதிரை வாங்கிய கதை. குதிரைக்கு லாடம் அடித்த கதை. மலையேறிய கதை. எதிர்வரிசைத் தலைவர், "போதும் ஐயா, உட்காரும்!" என்று கெஞ்சினார்.

"இன்னும் கோட்டைக்கே போகவில்லையே!" என்றார் தளவாய்.

பாதிச் சபை கொட்டாவி விட்டது. ராஜாவே ரெண்டு முறை தூங்கி விழித்தார். மாசிலாமணி மட்டும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது, இறங்கியது. வண்டியைக் காணோம்.

தளவாய் கோட்டையைப் பிடித்துக் கொடியை நட்டு உட்காரப்போன நேரத்தில் வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. பெரியநாயகமும் தில்லைக்கண்ணுவும் கன்னத்தில் சந்தனத்தோடு, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு இறங்கினார்கள். மாசிலாமணி ஒரு பெருமூச்சு விட்டார்.

முரசு கொட்டியது, கதவைச் சாத்தினார்கள். மடைக்கு இருபத்தொரு கை, எதிராக இருபது கை!

ராஜா சிம்மாசனத்தை விட்டே குதித்துவிட்டார். "சபாஷ் மாசிலாமணி!"

"நான் என்ன செய்தேன் அரசே? இன்றைக்குக் கொறடா வேலை பார்த்தவர் தளவாய்தான்."

சபை அதிரச் சிரித்தது. தளவாயின் மீசை தொங்கிப்போனது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். "தளவாயே, நீர் ஒரு மாதம் இவர் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளும். வாய் மட்டும் திறக்கக் கூடாது. இப்போதிருந்தே!"

பெரியநாயகம் தூக்கைத் திறந்தார். வளைகாப்புப் புளிசாதம்! சபையே மணத்தது. "முதல் உருண்டை எங்கள் கொறடாவுக்கு" என்று கொடுத்தார். அடுத்தது ராஜா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இன்னும் யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார் பெரியநாயகம்.

காலையிலிருந்து பேசிப் பசித்துப்போன தளவாய் இப்படியும் அப்படியும் பார்த்தார். வாய் திறக்க முடியாதே! மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஒன்று" என்று எண்ணினார் மாசிலாமணி.