கன்றுக்கு ஒன்றிரண்டாக உடைத்த சோளம்

அந்தக் காலத்தில் மாடு பேசும், கோழி பேசும், மனசு வந்தால் கல்லும் ஒரு வார்த்தை சொல்லும். இத்தனை பேர் பேசினால் உலகம் தெளிவாக இருந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியடித்தார்கள். அந்தக் குழப்பத்தில் வசமாக மாட்டிக்கொண்டவள், அமராவதி ஆற்றங்கரையில் குடியிருந்த நல்லாயி.

நல்லாயிக்குக் கைக்குழந்தை ஒன்று, பெயர் பாப்பாத்தி. நல்லாயிக்குப் பால் வற்றிப்போனதால் குழந்தைக்குப் பால் ஊட்டியது மயிலை என்ற பசு. சும்மா ஊட்டவில்லை. தன் கன்று சிட்டுவோடு கிளுவை வேலிக்குள் கால் வைத்த அன்றே கறாராகப் பேசிவிட்டது.

"அம்மிணி, எம் பால்ல பாதி உம் புள்ளைக்கு. அந்தக் குறைக்கு எங் கன்னுக்கு நீ தானியம் போடோணும். ஆவணி கடைசிக்குள்ள கன்னு இந்த வேலிவாசப் படலோட நடுக்கம்பு உசரம் வளரோணும். வளரலீன்னா நாங்க ரெண்டு பேரும் காட்டுக்குப் போயிருவோம். அப்புறம் கூப்பிடப்படாது."

"வளராம எங்க போகுதுங்க ஆத்தா" என்றாள் நல்லாயி. சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப்போகிறது?

குதிரில் வெள்ளைச்சோளம் இருந்தது. தினம் இரண்டு கை அள்ளிப் போட்டாள். சிட்டுவும் ஆசையாகத்தான் தின்றது. ஆனால் ஆடி பாதி போயும் விலா எலும்பு விலா எலும்பாகவே நின்றது.

"ஏங் கண்ணு, வயிறு நெறைஞ்சுதா?" என்று கேட்டாள்.

சிட்டு திருதிருவென விழித்தது. "எனக்கே தெரியலைங்க. பால் அறை நெறைஞ்சுதுங்குது. பெரிய அறை பசிக்குதுங்குது. மத்த ரெண்டும் எதுவும் சொல்ல மாட்டேங்குது."

மாட்டுக்கு வயிற்றில் நாலு அறை. அந்தக் காலத்தில் அவையும் பேசும். கன்றின் வயிற்றில் பால் அறைக்குத்தான் அதிகாரம். பெரிய அறை பெயருக்குத்தான் பெரியது, சுருங்கிப் படுத்து அரைத்தூக்கத்தில் கிடந்தது. நல்லாயி குனிந்து கன்றின் இடப்பக்கத்தில் காதை வைத்தாள். "என்னமோ உருண்டு வந்துச்சு. என்னன்னு பாக்கறதுக்குள்ள உருண்டு போயிருச்சு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் முனகியது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சரி, யாரையாவது கேட்போம் என்று வீட்டுப் பொட்டைக்கோழியைக் கேட்டாள். அது நடக்க முடியாமல் கொழுத்திருந்தது.

"முழுசாவே போடு அம்மிணி. நானும் முழுச் சோளந்தான் திங்கறேன், எப்படி இருக்கறேன் பாரு. இன்னும் ரெண்டு கை சேத்துப் போடு" என்றது கோழி. பொய் சொல்லவில்லை. அந்தச் சோளத்தை எங்கே தின்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் வாசல் தெளிக்கக் கன்றின் சாணத்தை அள்ளியபோது நல்லாயி திகைத்தாள். போட்ட சோளம் போட்டபடியே உள்ளே கிடந்தது. அதைக் கொத்திக்கொண்டிருந்த கோழி அந்தப்பக்கமாக மெல்ல நழுவியது.

அடுத்து திரிகையைக் கேட்டாள். "பல்லு பலப்படாத கன்னுக்கு முழுச் சோளமா? எங்கிட்டக் கொண்டா. மாப்பிள்ளைக்கு அரைக்கற மாதிரி அரைச்சுத் தாறேன்" என்றது திரிகை.

நல்லாயி விருந்துக்கு அரைப்பதுபோலவே அரைத்தாள். நைசாக அரைத்தால்தானே அன்பு என்று நினைத்து, மெல்லிய துணியில் மூன்று முறை சலித்தாள். அவள் செய்த பெரிய தப்பு அதுதான். சிட்டு வாய் வைத்ததும் மாவு மூக்கில் ஏறித் தும்மல் போட்டது. தின்ற கொஞ்சமும் ஒரே மொத்தமாக வயிற்றில் போய் விழுந்தது. அன்று மாலையே வயிறு தம்பட்டம்போல் உப்பி, கன்று நுரைநுரையாகக் கழிந்தது. "புளிக்குது, எரியுது!" என்று பெரிய அறை கத்திய கத்தல் வேலி வரைக்கும் கேட்டது.

முழுசாகப் போட்டால் வெளியே போகிறது. மாவாகப் போட்டால் புளித்துப்போகிறது. பிறகு எதைத்தான் போடுவது? இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கலந்து பார்த்தாள். பாதி உருண்டு போனது, பாதி புளித்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள்.

ஆவணியின் கடைசி நாள் வந்தது. மயிலை கன்றைப் படலருகே நிறுத்திப் பார்த்தது. நடுக்கம்புக்கு ஒரு சாண் குறைந்தது.

"பேச்சுன்னா பேச்சு அம்மிணி. நாங்க வாறோம்" என்று முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு படலைத் தள்ளியது.

நல்லாயி அப்போதுதான் திரிகை முன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே குழந்தை பசியில் வீறிட்டது. வெளியே பசு போகிறது. எதைச் செய்வதென்று தெரியாமல், முறத்திலிருந்த சோளம் அத்தனையையும் ஒரே தடவையில் திரிகை வாயில் கொட்டி இரண்டு சுற்றுச் சுற்றினாள். மேல்கல் தூக்கிக்கொண்டது. சோளம் பாதியும் காலுமாக உடைந்து சடசடவென விழுந்தது.

"இதெல்லாம் ஒரு அரைப்பா? எம் மானமே போகுது!" என்று திரிகை கத்தியது.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தானையில் வாரிக்கொண்டு ஓடினாள். "கண்ணு, இதையாச்சும் ஒரு வாய் தின்னுட்டுப் போ!"

சிட்டு முந்தானைக்குள் மூஞ்சியை விட்டது. கறுக்மொறுக்கென்று சத்தம் கேட்டது. தின்கிற கன்றை இழுத்துக்கொண்டு போக எந்தத் தாய்க்கு மனசு வரும்? மயிலை நின்றது.

தின்று முடித்த சிட்டு வேலியோரம் படுத்தது. அதன் வயிற்றுக்குள் பெரிய அறை சோம்பல் முறித்தது. "ஆங், இது உருண்டு ஓடல, ஒரேயடியா வந்தும் விழல. பக்குவமா வேலை செய்யலாம்" என்றது. கொஞ்ச நேரத்தில் சிட்டுவின் தாடை தானாக அசைந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அது அசைபோட்டது.

மயிலைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அம்மிணி, என்னத்தப் போட்டே?"

"அதே சோளந்தானுங்க ஆத்தா."

"பின்னே எப்படி?"

"சத்தியமாத் தெரியலீங்க."

மயிலை அவளை ஏற இறங்கப் பார்த்தது. "தெரியாட்டிப் போகுது. அசைபோட்ட கன்னு இனி வளந்துரும், இன்னொரு மாசம் பாக்கறேன். நாளைக்கும் இதே மாதிரி தெரியாமயே உடை" என்று சொல்லிவிட்டு, படலுக்குள் திரும்பி வந்து பால் கறக்க நின்றது. பாப்பாத்தி வயிறாரக் குடித்தாள். புரட்டாசி முடிவதற்குள் சிட்டு நடுக்கம்பைத் தாண்டிவிட்டது.

கன்று அசைபோட்டதற்கு மறுநாள் காலையில் சாணத்தைக் கிளறிய கோழிதான் அலறியது. "அம்மிணி! சோளம் எங்க? நேத்து வரைக்கும் இருந்துச்சே!"

"எனக்கே ஒண்ணும் விளங்கல. உனக்கு என்னத்தச் சொல்லறது?" என்றாள் நல்லாயி.

அன்று முதல்தான் கன்றுக்குச் சோளத்தை முழுசாகவும் போடாமல், மாவாகவும் அரைக்காமல், ஒன்றிரண்டாக உடைத்து வைக்கிறோம். அன்று முதல்தான் கோழியும் சாணத்தைக் கண்ட இடத்திலெல்லாம் கிளறிவிட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தச் சோளம் எங்கே போனது என்று இன்னும் விளங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது.