ஐந்து அடிக்கல் பாலம்

சிந்து மாகாணத்தில் ஓர் ஊர். ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே வாய்க்கால், பாலம் கிடையாது. ஜமீன்தார் குர்பான் அலி ஐந்து தேர்தலில், ஐந்து கட்சியில் நின்று ஜெயித்தவர். ஒவ்வொரு முறையும் ஜெயித்த கையோடு வந்து அதே பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவார். கல்லில் பெயர் வெட்டுகிறவன் பச்சல். போன வருஷம் பிரசவ வலியோடு வாய்க்காலைத் தாண்ட முடியாமல் கரையிலேயே செத்தவள் அவன் மகள்.

ஆறாவது தேர்தல் வந்தது. ஜமீன்தார் சீட் கேட்டிருந்த ஆறாவது கட்சியின் தலைவர், அவர் கட்டியதாகச் சொன்ன பாலத்தைப் பார்க்க வருவதாகச் சேதி. ஜமீன்தாருக்கு வியர்த்துக் கொட்டியது.

"டேய் பச்சல், நாளைக்கு அங்கே பாலம் இருக்கணும். இல்லேன்னா நீ இந்த ஊர்லயே இருக்கமாட்டே."

"இருக்கும் எஜமான்."

மறுநாள் பார்த்தால், ஐந்து அடிக்கல்லும் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன.

"எஜமான் போட்ட பாலம். கால் வச்சு வாங்கய்யா," என்றான் பச்சல்.

தலைவர் ஒவ்வொரு கல்லாக மிதித்து, வாசித்துக்கொண்டே போனார். அதே பெயர், அதே பாலம், வேறு வேறு கட்சி. அக்கரை எட்டுமுன்னே, ஐந்தாவது கல்லோடு பாதை முடிந்தது. கரையில் ஊரே சிரித்தது. ஜமீன்தார் முகம் வெளிறிவிட்டது.

தலைவர் திரும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "எந்தக் கட்சியில் நின்றாலும் ஜெயிக்கிற ஆளா நீங்கள்! சீட் உங்களுக்குத்தான்."

சிரிப்பு நின்றுபோனது.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பச்சலிடம் மனைவி கேட்டாள்: "யாருக்குப் போட்டே?"

"அவருக்குத்தான்."

"நம்ம பிள்ளையைச் சாகவிட்டவனுக்கா?"

"அக்கரைக்கு இன்னும் ஒரு கல் குறையுதே," என்றான் பச்சல்.